மூன்றாவது பத்தியில் ஒரு வினைச்சொல்

யார் கொண்டுவந்து நீட்டினாலும் திருநாவுக்கரசு மெமோவை அடியிலிருந்து மேலாகத்தான் படிப்பார். முதலில் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நகல் பட்டியலுக்குக் கண் போகும். யார் யாருக்கு நகல் போகிறது என்பதில்தான் மெமோவின் எடை இருக்கிறது என்பது அவர் அபிப்பிராயம். பிரிவு அதிகாரியோடு நின்றிருந்தால் வெறும் உறுமல். பணிப்பதிவேட்டுக்கு ஒன்று என்று இருந்தால் கடி. அடுத்து கையெழுத்து. பச்சை மையா, நீல மையா, பேனா தாளில் பதிந்திருக்கிறதா என்று தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்ப்பார். அதன் பிறகு ஆட்காட்டி விரல் பத்தி பத்தியாக மேலே ஏறும். தலைப்பைத் தொட்டதும் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரில் இருப்பவரைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்பார்.

1997 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை, டிரைவர் துரை அந்தக் கேள்விக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினான்.

"நகல் பணிப்பதிவேட்டுக்குப் போயிருக்குடே" என்றார் திருநாவுக்கரசு.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் இருந்தது அந்தக் கடல்நீர் ஆய்வு நிலையம். மத்திய அரசு அலுவலகம். பக்கத்திலேயே ஊழியர் குடியிருப்பு. திருநாவுக்கரசு அங்கே ஸ்டோர்ஸ் பிரிவில் கிளார்க். அம்பாசமுத்திரத்துக்காரர். மனைவி பார்வதம் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை, இரண்டு பேருக்கும் மாற்றல் கிடைக்கவில்லை. கல்யாணமாகி முதல் சில வருஷம் மாதம் ஒருமுறை ரயிலேறினார்கள்; அப்புறம் பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை என்று ஆனது. அவர் வீட்டில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் அவர் உட்காருவார். மற்றதில் பேப்பர் கட்டு உட்கார்ந்திருக்கும். ஆள் வந்தால் மட்டும் அது தரைக்கு இறங்கும்.

ஆட்கள் வருவது மெமோவோடுதான். நிலையத்தில் யாருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தாலும் பதில் எழுதிக் கொடுப்பது அவர். விசாரணை என்று வந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லை. கூட வேலை பார்க்கும் ஒருவரைத் துணைக்கு உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. அந்த நாற்காலியிலும் அவர்தான் உட்காருவார். அதனால் அதிகாரிகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அதிகாரிகளுக்கு ஆகாதவரோடு பகலில் பேச மற்றவர்களுக்குத் தைரியம் இல்லை. கேன்டீனில் அவர் உட்காரும் மேசையில் மூன்று இடம் எப்போதும் காலி. அவரால் வேலை தப்பிய ஆட்கள்கூட வேலை மீண்டதும் வேறு மேசைக்குத்தான் போனார்கள். அவர்கள்தான் முதலில் போனார்கள் என்றும் சொல்லலாம்.

அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் விடுவதில்லை. குடியிருப்பில் எல்லோருக்கும் எல்லோருடைய செருப்பும் தெரியும். ஆகவே கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் வைப்பார்கள். அங்கே பழைய பேப்பர் ஒன்று விரித்திருக்கும். விரித்து வைத்தது அவர்தான். துரையும் தன் ரப்பர் செருப்பை அந்தப் பேப்பர்மேல்தான் வைத்திருந்தான்.

"என்ன நடந்துச்சுன்னு உன் வாயால சொல்லு. மெமோல இருக்கறது அவங்க வாய்" என்றார்.

நடந்தது இதுதான். ஊழியர் பஸ் தினமும் காலையில் செங்கல்பட்டு ரயிலடியில் நிற்கும். கூடுவாஞ்சேரி, மதுராந்தகம் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக நிலையத்துக்கு வரும். துரை ஓட்டுவான். டிசம்பர் இரண்டாம் தேதி மூன்றாவது நாளாக அடைமழை. திருக்கழுக்குன்றம் தாண்டி, ஏரி நிரம்பிக் கலங்கலில் வழியும் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடந்துபோகும் தரைப்பாலம் ஒன்று இருக்கிறது. மற்ற வருஷங்களில் டயர் நனையும், அவ்வளவுதான். அன்று ரோடே தெரியவில்லை. இரண்டு ஓரத்திலும் நட்டிருந்த வெள்ளைக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. துரை இறங்கி நடந்து பார்த்தான். பத்தடி போவதற்குள் தொடை நனைந்தது. திரும்பி வந்து இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

முன் சீட்டில் நிர்வாக அதிகாரி கேசவன் இருந்தார். பத்து மணிக்குச் சென்னையிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று அவருக்குப் பதற்றம்.

"எடுய்யா வண்டிய. இப்பதான் ஒரு லாரி போச்சு, பார்த்தல்ல?"

"லாரி லோடு வண்டி சார். இது மனுஷன் வண்டி. முப்பத்தி நாலு பேரு கீறாங்க."

"நான் ஆர்டர் போடறேன். எடு."

"ஆர்டர தண்ணிகிட்ட போடு சார்."

பஸ் மொத்தமும் சிரித்தது. பின் சீட்டில் யாரோ கை தட்டினார்கள். துரை வண்டியைத் திருப்பிச் செங்கல்பட்டு போய்ச் சுற்றுவழியில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. நான்காம் நாள் மெமோ வந்தது: மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை, அவமரியாதையான பேச்சு.

"அப்படித்தான் சொன்னியா?" என்று திருநாவுக்கரசு கேட்டார்.

"எப்டி சார்?"

"ஆர்டரை தண்ணிகிட்ட போடச் சொன்னியா?"

"வாய் தவறி வந்துடுச்சி சார்."

திருநாவுக்கரசு சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "நல்ல வாக்கியம்டே. என்ன, பதில்ல எழுத முடியாது."

துரைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருஷம் தினக்கூலி டிரைவராக ஓட்டி, போன வருஷம்தான் வேலை நிரந்தரமானது. அதிலும் இரண்டு வருஷம் தகுதிகாண் பருவம். பத்து மாதம் பாக்கி. அதற்குள் ஒரு தண்டனை விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் வேறு எந்த அரசு வேலைக்கும் மனுப் போட முடியாது. ஊரில் இருந்த முக்கால் காணி நிலமும் அண்ணன் பங்கில் போய்விட்டது.

"வேல போயிடுமா சார்?"

"போகலாம். போகாமயும் இருக்கலாம். நீ செஞ்சது சரின்னு நாம எழுதணும்."

அவர் எழுதினார். நீளத் தாள், இடதுபுறம் நாலு விரல் மார்ஜின். இரண்டு பத்தி நடந்ததைச் சொன்னது. மூன்றாவது பத்தி தொடங்குவதற்கு முன் பேனாவை மூடி, மறுபடி திறந்தார். 'ஐ கன்டெண்ட் தட்' என்று தொடங்கியது அந்தப் பத்தி. அவர் யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் மூன்றாவது பத்தி அப்படித்தான் தொடங்கும். பதிலில் யார் பெயர் இருந்தாலும் அந்தச் சொல்லைப் பார்த்து, எழுதியது யார் என்று ஆபீஸ் தெரிந்துகொள்ளும். தலைமை கிளார்க் ஏசுதாஸ் அதற்கு 'ஸ்டோர்ஸ் முத்திரை' என்று பெயர் வைத்திருந்தார்.

"இது இன்னா சார்?" துரை விரலை வைத்துக் கேட்டான். எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் அந்தச் சொல் வந்ததில்லை.

"மத்தவங்க எல்லாம் 'சப்மிட்'னு எழுதுவாங்க. சமர்ப்பிக்கிறேன்னு அர்த்தம். இல்லேன்னா 'பெக்'. கெஞ்சிக் கேக்கறேன். இது அது ரெண்டும் இல்ல. வாதாடறதுக்கும் இந்தச் சொல்தான், மல்லுக்கட்டறதுக்கும் இந்தச் சொல்தான். என் பக்கம் நியாயம் இருக்கு, நான் அதை விட்டு நகர மாட்டேன்னு சொல்றது."

"நான் மல்லுக்கட்டலியே சார். வண்டிய நிறுத்திட்டு சும்மாதான குந்திகினு இருந்தேன்."

"அதுதான்டே பெரிய மல்லுக்கட்டு" என்றார்.

அடுத்த இரண்டு நாள் பஸ் ஓட்டும்போது துரை அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். கன்டெண்ட். கியர் மாற்றும்போது சொல்ல வாகாக இருந்தது. யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டுகிற மாதிரி ஆளும் இல்லை. அந்த மெமோ வந்ததிலிருந்து பஸ்ஸில் அவனோடு பேச்சு குறைந்துவிட்டது. அன்று கை தட்டிய பின் சீட்டு இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தது.

ஒரு வாரம் கழித்துக் கேசவன் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் பதில் கடிதம் இருந்தது. மூன்றாவது பத்தியின் முதல் வரியில் ஒரு சொல்லுக்குக் கீழே சிவப்பில் இரண்டு கோடு.

"யோவ் துரை, இது இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"என்ன?"

துரை சொன்னான். உச்சரிப்பு சரியாகவே வந்தது. அதுதான் கேசவனைக் கிளப்பிவிட்டது.

"இருபத்தாறு வருஷம் சர்வீஸ்யா எனக்கு. என் டைரக்டருக்கு நான் இன்னிக்கு வரைக்கும் சப்மிட்தான் பண்றேன். இந்த ஆபீஸ்ல ரிக்வெஸ்ட் பண்ணுவாங்க, பெக் பண்ணுவாங்க. கன்டெண்ட் பண்ண நீ யாருய்யா? கவர்ன்மென்ட் வக்கீலா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு குரலைத் தணித்தார். "இது உன் இங்கிலீஷ் இல்லன்னு எனக்குத் தெரியாதா? அந்த ஆளுக்கு என்ன, ரிட்டயர் ஆகிற வரைக்கும் கிளார்க்காவே இருந்துட்டுப் போவார். உனக்கு அப்படியா? இதை வாபஸ் வாங்கு. தமிழ்ல ஒரு மன்னிப்புக் கடிதம் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அன்று மாலையே துரை திருநாவுக்கரசு வீட்டுக்குப் போனான். சொல்லச் சொல்ல அவர் தரையில் கிடந்த பேப்பர் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு சொல்லத்தான சார் கேக்குறாரு. மாத்திட்டா இன்னா?"

"மாத்தலாம். பதில் உன்னோடது. உன் கையெழுத்து. நீ சொன்னா இப்பவே சப்மிட்னு மாத்தித் தரேன்." பேனாவை எடுத்து அவன் முன்னால் வைத்தார். பிறகு, "மாத்தினா, அன்னிக்குத் தண்ணியில வண்டிய இறக்கியிருக்கணும்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. அடுத்த மழைக்கு இன்னொரு டிரைவர் இறக்குவான்" என்றார்.

துரை எழுந்து நின்றான். அந்த அறையில் அவரைத் தவிர மனித வாசனையே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. சுவரில் காலண்டர், அதில் வட்டம் போட்ட ஒரு தேதி, பார்வதம் வரும் நாளாக இருக்கலாம். ஜன்னலில் உப்புக் காற்று ஏறிய துரு. இந்த மனிதருக்கு இந்தச் சொல்லை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

"வேணாம் சார். மாத்த வேணாம்."

வீட்டில் மனைவி கன்னியம்மா அடுப்பைப் பற்ற வைக்காமல் காத்திருந்தாள். கேசவன் சொன்ன சேதி அவன் வருவதற்கு முன்பே அவளிடம் வந்திருந்தது.

"இன்னா, மாத்திட்டியா?"

"இல்ல."

"ஏன்யா? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. அதுவும் நம்ம பாஷ கூட இல்ல. அது உன்ன பெத்துதா, வளத்துதா? பொண்ணு நாலாவது படிக்குது. நாளைக்கு வேல போனா அந்த ஸ்டோர்ஸ்காரரு வந்து உலை வெப்பாரா?"

"அவரு நல்லவருடி."

"நல்லவருதான். யாரு இல்லன்னா? அவரு ஒண்டி ஆளு. ஒண்டி ஆளுக்கு வீம்பு கட்டுபடியாவும். நமக்கு ஆவாது." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் கோபித்துக்கொண்டு வெளியே போயிருப்பான். மகள் பூங்கொடியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவன் முன்னால் வைத்தாள். "எழுது" என்றாள்.

அவன் எழுதினான். ஐயா, அன்று நான் பேசியது தவறு, தங்கள் உத்தரவை மீறியது தவறு, குடும்பத்தை மனதில் கொண்டு மன்னித்தருள வேண்டுகிறேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

கேசவன் அதைப் படித்துவிட்டு மடித்தார். "என்கொயரிக்கு ஆர்டர் போட்டாச்சு. அதை நிறுத்த என்னால முடியாது. நானே அதுல சாட்சி. நடக்கறது நடக்கட்டும், வாய மூடிக்கினு உக்காந்திரு. இது ஃபைல்ல இருக்கும். கடைசியில டைரக்டர் பார்த்துக்குவார்."

"ஸ்டோர்ஸ் சாருக்கு இது தெரிய வேணாம் சார்."

கேசவன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஏன்யா சொல்லப் போறேன்" என்றார்.

ஆக, ஒரே ஃபைலில் இரண்டு துரை இருந்தார்கள். ஒருவன் நகர மாட்டேன் என்றான், ஒருவன் காலில் விழுந்தான். அந்த முதல் துரைக்காகத் திருநாவுக்கரசு வேலை செய்துகொண்டிருந்தார். அன்று பஸ்ஸில் இருந்த முப்பத்து நாலு பேரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார். தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றார். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றார். ஒருவர் கண்ணாடி போடவில்லை என்றார். ஒருவருக்கு மகள் கல்யாணம் நெருங்கியிருந்தது. லஞ்ச் நேரத்தில் அவர் ஒவ்வொரு மேசையாகப் போய் நிற்பதையும், மேசைகள் ஒவ்வொன்றாகக் கலைவதையும் துரை கேன்டீன் கதவருகே நின்று பார்த்தான்.

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, துரை சைக்கிளில் திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தான். தரைப்பாலத்தில் யாரோ ஒருவர் பேண்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். தண்ணீர் வடிந்து கணுக்கால் அளவே ஓடியது. கிட்டே போனதும்தான் தெரிந்தது, திருநாவுக்கரசு. அலுவலகத்துக்கு வருகிற அதே முழுக்கைச் சட்டை. செருப்பு இரண்டும் ரோட்டோரம், ஒன்றின்மேல் ஒன்று. குனிந்து ஒரு வெள்ளைக் கல்லை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னா சார் இது? ஞாயித்துக்கிழம அதுவுமா?"

"நல்ல வேளை வந்த. சேறு வந்த கோடு தெரியுது பாரு." கல்லின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே பழுப்பாக ஒரு விளிம்பு இருந்தது. "மழை விட்டப்புறம் யாரும் கழுவலை. இது சாட்சி சொல்லும். கல்லுக்கு மக கல்யாணம் கிடையாது." பையிலிருந்து டேப்பை எடுத்தார். "அந்த முனையைத் தரையில வைச்சுப் பிடி."

துரை தண்ணீரில் இறங்கி முனையைப் பிடித்தான். அவர் மேலே இழுத்தார். தண்ணீர் காலைச் சுற்றிக் குளிர்ந்து ஓடியது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. வயலில் கொக்குகள் மட்டும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. இப்போது சொல்லிவிடலாம் என்று துரைக்குத் தோன்றியது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"சார், விட்டுடலாமே சார். இன்னாத்துக்கு உங்களுக்கு இவ்ளோ பேஜாரு?"

திருநாவுக்கரசு நிமிராமல் சொன்னார்: "டேப்பை இழுத்துப் பிடி. தொய்யுது."

இரண்டே முக்கால் அடி. பன்னிரண்டு கல்லை அளந்தார்கள். ஒவ்வொன்றையும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். முடிந்ததும் கரையில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டே, "பார்வதம் பொங்கலுக்கு வரலைன்னு எழுதியிருக்கா. ஸ்கூல்ல கணக்கெடுப்பு வேலையாம்" என்றார். துரை டேப்பைச் சுருட்டி அவர் பையில் போட்டான். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாப்பில் விட்டான்.

பொங்கல் கழிந்து விசாரணை மூன்று தடவை நடந்தது. சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பேச்சு முக்கால்வாசி இங்கிலீஷில். துரைக்குத் தன் பெயர் புரிந்தது. அந்த வினைச்சொல் வரும்போது அது புரிந்தது. மற்ற நேரத்தில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் கேசவன் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது துரையைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகை வரும்போதெல்லாம் துரை நாற்காலியில் சிறுத்துப்போனான்.

இரண்டாவது தடவை திருநாவுக்கரசு தமிழில் கேட்டார், துரைக்குப் புரியட்டும் என்பதுபோல.

"அன்னிக்கு நீங்க பஸ்ஸ விட்டு இறங்கினீங்களா சார்?"

"எதுக்கு இறங்கணும்?"

"டிரைவர் இறங்கினார். அவர் பேண்ட் எதுவரைக்கும் நனைஞ்சிருந்தது?"

"நான் எதுக்கு ஒரு டிரைவரோட பேண்ட்டப் பாக்கணும்?"

"அப்ப தண்ணி எவ்வளவுன்னு பாக்காமதான் ஆர்டர் போட்டீங்க. எழுதிக்கலாங்களா?"

சாய்ந்திருந்த கேசவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு கற்களின் அளவு எழுதிய தாளைத் திருநாவுக்கரசு அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பதில் கடிதத்தின் சிவப்புக் கோட்டைப் பேனாவால் தட்டினார்.

"எல்லாம் சரி. ஒரு டிரைவர் எழுதற லெட்டர்ல இந்தச் சொல் எதுக்கு? தன்மையா எழுதியிருக்கலாமே."

"குற்றப்பத்திரிகையில நாலாவது வரி பாருங்க சார். 'இட் இஸ் கன்டெண்டட்'னு ஆபீஸே போட்டிருக்கு. ஆபீஸ் அவர்மேல வாதாடலாம்னா, அவரும் ஆபீஸ்கிட்ட வாதாடலாம். ஒரே சொல்தானே. ரெண்டு பக்கமும் இருந்துட்டுப் போகட்டும்."

அதிகாரி நாலாவது வரியைப் படித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். திருநாவுக்கரசின் தோள் ஒரு முறை குலுங்கியது. துரை தலையைக் குனிந்துகொண்டான். இப்படித் தனக்காகப் பேச ஒரு ஆள் அவன் வாழ்க்கையில் அதற்கு முன் இருந்ததில்லை. அந்த ஆளுக்குத் தெரியாமல் மேசைமேல் கிடந்த அதே ஃபைலுக்குள், நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதிய கடிதம் இருந்தது.

மார்ச்சில் டைரக்டரின் உத்தரவு வந்தது. இனிமேல் பேச்சில் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கப்படுகிறார். அவ்வளவே. வேலை தப்பியது. ஏன் தப்பியது என்று உத்தரவில் இல்லை. கல்லின் அளவையும் அதில் காணோம், மன்னிப்பையும் காணோம். அந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு எழுத்து இல்லை. துரை உத்தரவை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு ஓடினான். திருநாவுக்கரசு அதையும் அடியிலிருந்துதான் படித்தார்.

"சரி. நல்லது. வண்டி எடுக்க நேரமாச்சு, போ" என்றார்.

அவர் சந்தோஷப்படுவார், ஜெயிச்சிட்டோம்டே என்பார் என்று துரை எதிர்பார்த்து வந்திருந்தான். அவரோ பெஞ்சில் இருந்த அட்டைப்பெட்டிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தான்.

அதன் பிறகு துரை அவர் வீட்டுக்குப் போகவில்லை. முதல் தீபாவளிக்குக் கன்னியம்மாவே பலகாரம் கட்டிக் கொடுத்து, "போய்க் குடுத்துட்டு வாய்யா" என்றாள். குடியிருப்பு வாசல் வரை போய்த் திரும்பி வந்து, வழியில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டான். கேன்டீனில் அவரைப் பார்த்தால் தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான். பார்க்கிறவர்களுக்கு அதில் புதுசு ஒன்றும் இல்லை. வேலை மீண்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். பயந்து ஒதுங்குகிறான் என்று அவரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று துரை விட்டுவிட்டான். உண்மையைவிட அது மரியாதையாக இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருநாவுக்கரசு ஊருக்குப் போகும்போது மாலை பஸ்ஸில் செங்கல்பட்டு வரை வருவார். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு. கண்ணாடியில் அவர் தலை தெரியும். முதலில் பாதி நரை, பிறகு முழுக்க. தரைப்பாலம் வரும்போது மட்டும் அவர் ஜன்னல் பக்கம் திரும்புவார். 2001-இல் அங்கே மேம்பாலம் கட்டினார்கள். வெள்ளைக் கற்களைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் திரும்பவில்லை.

2004 மே மாதம் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவுக்குப் பதினோரு பேர் வந்தார்கள். கேசவன் மாற்றலாகிப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அவரை ஒதுக்கிய பழக்கம் மற்றவர்களை விடவில்லை. ஏசுதாஸ் ஒரு மாலை போட்டு, "நம்ம ஸ்டோர்ஸ் முத்திரைக்கு இன்னியோட சீல்" என்று சிரிக்க வைத்தார். ஆபீஸ் ஜீப்பில் அவரையும் இரண்டு பெட்டியையும் ஒரு பேப்பர் கட்டையும் செங்கல்பட்டு ரயிலடிக்குக் கொண்டுவிட்டது துரை.

பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் இருந்தது. துரை கிளம்பவில்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது.

"பூங்கொடி என்ன படிக்கா?"

"பத்தாவது சார். நல்லா படிக்குது."

"இங்கிலீஷ்?"

"அதுதான் நல்லா வருதாம்."

"நல்லது."

துரை இரண்டு முறை, "சார்" என்று ஆரம்பித்தான். முதல் முறை ரயில் வரும் அறிவிப்பு கத்தியது. இரண்டாவது முறை அவர், "தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வாரியா?" என்றார். வாங்கி வந்தபோது ரயில் வந்து நின்றிருந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டான். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் தோளை ஒரு முறை தட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் அவனைத் தொட்டது அதுதான்.

2008-இல் துரைக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோனது. பழைய விசாரணை ஒன்று இருக்கிறது என்றார்கள். பூங்கொடி அப்போது செங்கல்பட்டில் கல்லூரியில் இருந்தாள். தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டு அந்த ஃபைல் முழுவதையும் ஜெராக்ஸ் வாங்கினாள். அறுபத்து மூன்று பக்கம். பதவி உயர்வு அதற்குள் எப்படியோ வந்துவிட்டது. தாள்கள் வீட்டில் தங்கின.

ஒரு மத்தியானம் துரை அவற்றைப் புரட்டினான். நாற்பத்தோராவது பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. விசாரணை தொடங்கும் முன் ஃபைலில் உள்ள எல்லாத் தாள்களையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கோ அவருக்குத் துணை நிற்பவருக்கோ காட்டி, பார்த்தேன் என்று கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அன்று துரை பஸ்ஸில் இருந்திருக்கிறான். துணை நிற்பவர் மட்டும் போயிருக்கிறார். ஏழாவது வரியில், 'டிரைவர் துரையின் மன்னிப்புக் கடிதம், தமிழில், ஒரு பக்கம்' என்று இருந்தது. அதற்கு நேராகத் திருநாவுக்கரசின் கையெழுத்து. தேதி 6-1-98. அது ஒரு செவ்வாய்க்கிழமை. தரைப்பாலத்துத் தண்ணீரில் அவர்கள் இருவரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது அதற்கு ஐந்து நாள் கழித்து.